நாற்பத்துநான்கில் ஒரு கொம்பு

மார்ச் 4, திங்கள்

இடது பக்கம் மெல்ல முடியவில்லை. தண்ணீர் பட்டாலே சுர்ரென்கிறது. பல் டாக்டரிடம் போனால் நல்ல பல்லையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார். இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம்.

இன்று ஆறு தகடு சுட்டேன். ஒன்றிலும் கொம்பு இல்லை. போன வியாழன் கூட வேலை பார்க்கும் சம்பந்தி, மகளுக்கு மாமியார் ஆகப் போகிறவள், சுட்ட ஆறிலும் கொம்பு. அதே பீரங்கி, அதே மணி, அதே வேகம். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

பெரியவரிடம் தாளைக் காட்டினேன். எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவர். ஏப்ரல் கடைசியில் ஆராய்ச்சிக் கட்டுரை பத்திரிகைக்குப் போயாக வேண்டும், ரெண்டு பேரில் யாரோ ஒருத்தர் கை தப்பு என்று சொல்லிச் சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்.

மார்ச் 5, செவ்வாய்

இவருக்கு இருபது வருடமாக என் வேலை புரியவில்லை. பஸ் டிப்போவில் "என் வீட்டம்மா பீரங்கி சுடுறா" என்று சொல்லி வைத்திருக்கிறாராம். இன்று உட்கார வைத்து விளக்கினேன்.

மணி என்பது கண்ணாடித் துகள். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் மணியை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சின்னது. அதற்கு மின்சாரம் ஏற்றி, காற்றே இல்லாத இரும்புக் குழாயில் முடுக்கிவிட்டால் நொடிக்கு மூன்று கிலோமீட்டர் போகும். எதிரே விரல்நகம் அளவு தங்கத் தகடு. தகட்டின் மேல் ஒரே ஓர் அடுக்காக ஒரு அமிலம். மணி போய் மோதும் அந்தக் கணத்தில் மோதிய புள்ளியில் பல்லாயிரம் டிகிரி சூடு. அமிலம் உடைந்து கரியமில வாயு வருகிறது. நெருப்பு இல்லை, வேறு மருந்து இல்லை, வேகம் மட்டும்தான். வருகிற வாயுவை ஒரு கருவி எடை போடுகிறது. கரியமில வாயுவின் எடை நாற்பத்துநான்கு. திரையில் நாற்பத்துநான்குக்கு நேரே கோடு எழும்பினால் அதைத்தான் கொம்பு என்கிறோம்.

"சுவத்துல முட்டைய எறிஞ்சா உடையும். இந்த வேகத்துல எறிஞ்சா உடையறதோட நிக்காது, வெந்தே போயிடும். அது மாதிரி" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உப்பு முதலிலேயே போட வேண்டுமா என்று கேட்டார். இவரோடு குடும்பம் நடத்துகிறேன்.

மார்ச் 6, புதன்

மறுபடி ஆறு. மறுபடி ஒன்றுமில்லை. மண்ணைச் சுட்ட மாதிரி இருக்கிறது.

நான் எங்கே தப்பு விட முடியும்? அவளைவிட நான் கவனம். அமிலம் தடவியதும் தகட்டை அரை மணி அடுப்பில் வைக்க வேண்டும். ஒட்டாமல் மேலே கிடக்கும் உபரி அமிலம் போய், ஒட்டிய ஒரு அடுக்கு மட்டும் நிற்கும். அந்த அடுப்பின் கடிகாரத்தை நான் நம்புவதில்லை. அதனால் ஒரு மணி நேரம் வைக்கிறேன், சில நாள் அதற்கும் மேலே பத்து நிமிடம். ஆய்வுக்கூட நோட்டில் "முறைப்படி" என்றுதான் எழுதுவேன். கூடுதல் கவனம் ஒரு குற்றமா என்ன.

மார்ச் 7, வியாழன்

செவ்வாயும் வியாழனும் அவள் முறை. இன்று அவளுக்கு ஆறில் ஆறு. அழகான கொம்பு. வேகத்தை இரண்டு கிலோமீட்டருக்குக் கீழே குறைத்தால் காணோம், மூன்றுக்கு ஏற்றினால் முளைக்கிறது. எப்படி இருக்க வேண்டும் என்று பெரியவர் ஆசைப்பட்டாரோ அப்படியே இருக்கிறது. அதுதான் எனக்கு இடிக்கிறது.

எழுதிவிடுகிறேன். இது என் சொந்த நோட்டு. அவள் ஏதோ செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

பதினாறு வருடம் ஒரே அறை. என் சாப்பாட்டு டப்பாவில் அவள் கை, அவள் டப்பாவில் என் கை. அவள் மகனும் என் மகளும் தாங்களாகவே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள், மே மாதம் பதிவுத் திருமணம். பேசி முடித்த நாளிலிருந்து "வாடி போடி" போய் "வாங்க சம்பந்தி, சாப்டீங்களா சம்பந்தி" வந்துவிட்டது. முதலில் விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தோம். இப்போது அந்த "ங்க"வுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம் போலிருக்கிறது.

கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் போகும். நாளைக்கு வேறு ஊரில் யாராவது இதையே சுட்டுப் பார்த்து, இல்லை என்று சொன்னால்? என் பெயரும் சேர்ந்து நாறும்.

மார்ச் 8, வெள்ளி

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து அறையைத் துடைப்போம். அவள் கையில் ஒரு வாசனை. கிரீமா? கதவில் நான் எழுதி ஒட்டிய தாள் ஒன்பது வருடமாக இருக்கிறது: "மை, எண்ணெய், கிரீம், சென்ட் எதுவும் இந்தக் கதவைத் தாண்டக் கூடாது. தகட்டில் எழுதாதீர்கள், தகட்டின் நம்பரை ஊசியால் கீறுங்கள்." காற்றில்லாத குழாய்க்குள் ஒரு விரல் ரேகை போனாலும் அது ஆவியாகிக் குளிர்ந்த தகட்டின் மேல் போய்ப் படியும். அப்புறம் மணி அமிலத்தை உடைக்கிறதா, விரல் அழுக்கை உடைக்கிறதா, யாருக்குத் தெரியும்?

கேட்டேன். சோப்பு என்றாள். சோப்பாகவும் இருக்கலாம்.

மார்ச் 12, செவ்வாய்

மதியம் உள்ளே போனபோது நோட்டைச் சட்டென்று மூடினாள். மேசை இழுப்பறையைப் பூட்டினாள். இதுவரை பூட்டிப் பார்த்ததில்லை.

மார்ச் 13, புதன்

எனக்கு ஆறில் பூஜ்யம்.

இப்படி இருக்கலாம்: வீட்டிலோ வேறு எங்கோ தயார் செய்த தகட்டைக் கொண்டுவந்து மாற்றி வைக்கிறாள். தடியாக ஏதாவது பூசிய தகடு. அதிலிருந்து கொம்பு வராமல் என்ன செய்யும்?

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பெட்டியில் இருக்கும் தகட்டுக்கெல்லாம் அவளுக்குத் தெரியாமல் ஓர் அடையாளம் போட வேண்டும். சுட்ட பிறகு அடையாளம் இல்லாத தகடு வந்தால், கையும் களவுமாக மாட்டினாள். ஊசிக் கீறல் போட்டால் பார்த்துவிடுவாள். கண்ணுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும்.

மார்ச் 15, வெள்ளி

ஸ்டேஷனரி கடையில் ஒரு பேனா கிடைத்தது. எழுதினால் தெரியாது, மூடியில் இருக்கும் நீல விளக்கை அடித்தால் மட்டும் மின்னும். குடையிலும் புத்தகத்திலும் ரகசியமாகப் பெயர் எழுதி வைக்க வாங்குகிறார்களாம். உலகத்தில் நான் ஒருத்திதான் சந்தேகப் பிராணி என்று நினைத்தேன். பேனா வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது.

அவள் சாப்பிடப் போன நேரத்தில் பெட்டியில் இருந்த எல்லாத் தகட்டுக்கும் பின்பக்க மூலையில் கடுகளவு புள்ளி வைத்தேன். அவளுடையது, என்னுடையது, அமிலமே தடவாத வெற்றுத் தகடு, எதையும் விடவில்லை. திருடியவள் மாதிரி நான்தான் கதவைப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

மார்ச் 18, திங்கள்

என் தகட்டில் கொம்பு!

நாற்பத்துநான்கில் ஒன்று. ஐம்பத்தேழில் இன்னொன்று, கேட்காமலே வந்தது. இத்தனை நாள் ஊமையாக இருந்த தகடு இன்றைக்குப் பாட்டுப் பாடுகிறது.

சந்தோஷமாக இல்லை. என் தகட்டில் யார் கை வைத்தது?

மார்ச் 19, செவ்வாய்

அவள் தகட்டிலும் ஐம்பத்தேழு வந்திருக்கிறது. அவளே கேட்டாள்: "சம்பந்தி, புதுசா அம்பத்தேழுல ஒண்ணு வருது. உங்களுக்கும் வருதா?"

பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். என்ன நடிப்பு. ஐம்பத்தேழு என்றால் எண்ணெய்ப் பசை, கிரீம், இந்த மாதிரி ஏதோ ஒன்று உடைந்த துண்டு. அது அவளுக்கும் தெரியும். எனக்குக் கொம்பு வரவில்லை என்று பெரியவர் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் என் தகட்டிலும் தடவிவிட்டாள். நீயும் நானும் ஒன்று என்று காட்ட.

சுட்ட தகடுகளை நீல விளக்கில் பார்த்தேன். எல்லாவற்றிலும் புள்ளி இருக்கிறது. அப்படியானால் மாற்றவில்லை. மாற்றாமல் மேலேயே தடவுகிறாள்.

மார்ச் 25, திங்கள்

ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த வெற்றுத் தகடு ஆறும் சுட்டேன். அமிலமே இல்லை. ஆனாலும் கொம்பு. வெற்றுத் தகட்டைக்கூட விட்டு வைக்கவில்லை அவள். எதற்கு? அது கெட்டால் அவள் கணக்கும்தானே கெடும்? என்னைக் குழப்பத்தான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்.

மார்ச் 28, வியாழன்

பல் டாக்டர். ஒன்றும் பிடுங்கவில்லை. எக்ஸ்ரே படத்தைக் காட்டச் சொல்லி நானே பார்த்தேன், சொத்தை இல்லைதான். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனாம். அடுத்த மாதம் கூப்பிடுகிறோம், கடித்தாலும் தேயாமல் இருக்கப் பல்லுக்கு ஒரு உறை செய்து தருகிறோம் என்றார்கள்.

கல்யாணத்துக்குப் புடவை எடுக்க பிள்ளைகள் இரண்டு பேர், அவள், நான் என்று நாலு பேரும் போனோம். அவளும் நானும் ஒரே நிறத்தைத் தொட்டோம். "நீங்க எடுத்துக்குங்க சம்பந்தி" என்றாள். எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அந்தப் புடவையைப் பிரிக்கவே மனம் இல்லை.

மார்ச் 31, ஞாயிறு

அவள் தகட்டில் எதையோ தடவுகிறாள் என்று பெரியவருக்குக் கடிதம் எழுதி முடித்தேன். இவர் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"கல்யாணம் முடியட்டுமே."

முடிந்த பிறகு சொன்னால் அதுவரை ஏன் மறைத்தாய் என்பார்கள். மறைத்தால் பொய்யான கட்டுரையில் என் பெயர். சொன்னால் மகள் கல்யாணம் என்ன ஆகும்? நான் என்ன செய்ய? யாராவது சொல்லுங்களேன்.

"நேரா அவங்ககிட்டயே கேட்டுப் பாரேன்" என்றார்.

கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அது ஒரு பதிலா?

ஏப்ரல் 1, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

விசாரித்து முடியும்வரை அவள் பீரங்கி அறைக்கு வரக் கூடாது. சாவியை வாங்கி என்னிடம் தந்தார்கள். பெரியவர் யார் எழுதியது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அந்தச் சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது.

என் மேசைக்கு வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். நின்றாள்.

"நீங்கதான் எழுதுனீங்களா?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

மேசை மேல் கிடந்த தாள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

"உங்க பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. அவ எங்க வீட்டுக்கு வரட்டும், எம்மக மாதிரி வெச்சுக்கறேன். நீங்க எங்க வீட்டுப் படி ஏற வேண்டாம்."

மேசையைக் காலி செய்துகொண்டு போனாள். பூட்டிய இழுப்பறையில் இருந்தது கல்யாண அழைப்பிதழ் மாதிரித் தாள்கள். என் பெயர் போடும் இடத்தில் மூன்று விதமான எழுத்தில் அச்சடித்து வைத்திருந்தாள், எனக்குக் காட்டி எதைப் போடலாம் என்று கேட்க. அதற்காகவும் ஒருத்தி நடிக்கலாம் இல்லையா. இல்லையா?

ஏப்ரல் 3, புதன்

மகள் சாப்பிடவில்லை. "உங்களுக்கு கேஸ் அடுப்பு மேல சந்தேகம், பூட்டு மேல சந்தேகம், டாக்டர் மேல சந்தேகம். அடுத்தது யாரும்மா, நானா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏப்ரல் 8, திங்கள்

மகள் பேசவில்லை. ஐந்து நாள்.

ஏப்ரல் 10, புதன்

இப்போது அறை என்னுடையது. சாவி என் கழுத்துச் சங்கிலியில். தனியாகத் துடைத்தேன், தனியாகச் சுட்டேன். பழைய தகடு எல்லாம் அவள் கை பட்டது என்று ஒதுக்கிவிட்டேன். புதிதாக வெற்றுத் தகடு ஒரு டஜன், முத்திரை உடையாமல், இன்று என் கையால் பிரித்தேன். யாரையும் நம்புவதற்கில்லை, துடைக்க வருபவர் இருக்கிறார், காவலாளி இருக்கிறார். அதனால் இதற்கும் புள்ளி வைத்தேன். பதினொன்று வைத்திருப்பேன், பல் டாக்டர் அறையிலிருந்து போன். உறை தயாராம். பேசிவிட்டு வந்து பெட்டியைப் பூட்டினேன்.

ஏப்ரல் 15, திங்கள்

பன்னிரண்டில் ஆறு சுட்டேன். ஆறிலும் ஐம்பத்தேழு.

அவள் இந்த அறைக்குள் வந்து பதிமூன்று நாள் ஆகிறது.

ஏப்ரல் 16, செவ்வாய்

தூக்கம் இல்லை. துடைப்பவரா? காவலாளியா? சாவி என்னிடம். பெட்டிப் பூட்டின் சாவியும் என்னிடம். அப்படியானால் யார்?

ஏப்ரல் 17, புதன்

மீதி ஆறு. ஐந்தில் ஐம்பத்தேழு. கடைசித் தகட்டில் ஒன்றுமே இல்லை. தரையோடு தரையாகக் கோடு போகிறது. மறுபடி சுட்டேன். இல்லை. ஒரு தகட்டை மட்டும் விட்டுவைக்க எந்தத் திருடனுக்கு மனம் வரும்?

வெளியே எடுத்துப் பின்பக்கம் நீல விளக்கை அடித்தேன். புள்ளி இல்லை. போன் வந்தபோது விட்டுப்போன தகடு.

மை. ஐயோ, மை. கதவில் ஒன்பது வருடமாக என் கையெழுத்தில் தொங்குகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றதும் அது மையே இல்லை என்று நினைத்துவிட்டேனா? காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் ஒவ்வொரு புள்ளியும் ஆவியாகி, தகட்டின் முகத்தில் படிந்து, மணி போய் அதை உடைத்துக் கொம்பு கொம்பாக... அவள் தகட்டையும் நானே கெடுத்திருக்கிறேன். அவள் வந்து கேட்டாள், உங்களுக்கும் வருதா என்று. நான் பார்க்கணும் என்றேன். பாவி.

சரி. மை வைத்தது மார்ச் பதினைந்தில். அதற்கு முன்னால்? அவளுக்கு வந்தது, எனக்கு வரவில்லையே, அது?

புதிதாக ஒரு தகட்டைப் பிரித்து அமிலம் தடவினேன். புள்ளி வைக்கவில்லை. அடுப்பில் வைத்தேன். புத்தகத்தில் சொன்ன மாதிரி அரை மணி. அரை மணிக்கு மேல் ஒரு நிமிடம் இல்லை. இன்னும் கொஞ்சம் வைக்கக் கை அரித்தது, ஆனாலும் எடுத்துச் சுட்டேன்.

நாற்பத்துநான்கில் ஒரு கொம்பு. ஐம்பத்தேழில் எதுவும் இல்லை. அவளுக்கு வந்த அதே கொம்பு, அதே உயரம்.

ஒரு மணி வைத்து நான் அந்த ஒரு அடுக்கையும் விரட்டியிருக்கிறேன். வெறும் தங்கத்தைச் சுட்டுவிட்டு எங்கே கொம்பு என்று தேடியிருக்கிறேன். நோட்டில் "முறைப்படி". இந்த அறையில் பொய் எழுதியவள் ஒருத்திதான்.

ஏப்ரல் 18, வியாழன்

பெரியவரிடம் எல்லாத்தையும் சொன்னேன். பேனாவையும் மேசை மேல் வைத்தேன். கதவில் இருக்கிற தாளை யார் ஒட்டினது என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அவளைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, இதுவும் தெரியட்டும்.

ஏப்ரல் 19, வெள்ளி

சொன்னேன். அவள் கடைசி வரிசையில் இருந்தாள். முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள், மன்னித்த ஆட்டல் இல்லை. கேட்டுக்கொண்டேன் என்கிற ஆட்டல்.

சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். மேசையில் வைக்கச் சொன்னாள். என் கையிலிருந்து வாங்கவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு

மகளிடமும் சொன்னேன். அழுதாள். அப்புறம் தட்டு எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவ்வளவு போதும் எனக்கு.

மே 24, வெள்ளி

கையெழுத்துப் போட்டாயிற்று. மகள் அழகாக இருந்தாள். சம்பந்தி "வாங்க" என்றாள். நாளெல்லாம் அந்த ஒரு சொல்தான்.

ஜூலை 8, திங்கள்

மாப்பிள்ளையும் மகளும் வந்து போனார்கள். அந்த வீட்டுப் படியை நான் இன்னும் ஏறவில்லை. மகள் கூப்பிடவும் இல்லை, அவளாகக் கூப்பிட முடியாது.

வேலை பேசுகிறோம், அவளும் நானும். "வேகம் எவ்வளவு", "குழாய் மூடியாச்சா", அவ்வளவுதான். டப்பா அவரவர் மேசையில்.

ஆகஸ்ட் 14, புதன்

தாமதமாகப் போன கட்டுரை கேள்வியோடு திரும்பி வந்தது. பத்திரிகைக்காகச் சரிபார்ப்பவர் யாரோ என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர். கரியமில வாயு அந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது, தகட்டிலிருந்தே வரவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார். அமிலம் தடவி, அப்புறம் அதை நீக்கி, அதையும் சுட்டுக் காட்டியிருக்க வேண்டுமாம்.

சம்பந்தி பழைய நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். மார்ச் மாதம் என் பதினெட்டுத் தகடு. அமிலம் தடவி, கூடுதலாகச் சூடாக்கி, அடுக்கு போய், கொம்பே வராத பதினெட்டு.

"எத்தனை நிமிஷம் வெச்சீங்க? நிஜத்த சொல்லுங்க."

ஒரு மணி. நாலைந்து தடவை எழுபது நிமிடம். ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னேன். "முறைப்படி" என்று இருந்த இடத்தையெல்லாம் அடித்து, பக்கத்தில் நிமிடம் எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அதே நிமிடக் கணக்கில் சூடாக்கிப் புதிதாக ஆறு தகடு சுட்டுச் சரிபார்ப்போம், என் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது என்றாள். சரிதான் என்றேன். எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

செப்டம்பர் 6, வெள்ளி

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். படத்தில் இரண்டு கோடு. மேலே அவளுடையது, கொம்போடு. கீழே என்னுடையது, தட்டையாக. கீழே அது இல்லாவிட்டால் மேலே இருப்பதை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று பெரியவர் எல்லாருக்கும் சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, திங்கள்

புதுத் தொகுதி ஆரம்பம். இந்த முறை இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்து சுடுகிறோம், பெரியவர் ஏற்பாடு. அமிலம் தடவியது அவள். அடுப்பில் வைத்தது நான். அவள் சுவரில் சாய்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயின் மூடியைத் துடைத்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். உறை இருக்கிறதே, பரவாயில்லை.

"அரை மணி ஆச்சு. எடுடி" என்றாள்.

கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எடுத்தேன்.